ஸ்கேன் சென்டரில் பார்த்தவர்கள்

8.2.2019
பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. லயத்து வரிசை வீடுகளில் வாய்கள் மட்டும் ஓவர்டைம் பார்க்கின்றன. குன்னூர் ஸ்கேன் சென்டர் வாசலில் பக்கத்து வீட்டு இசக்கியம்மா என்னைப் பார்த்தாளாம். புருஷன் செத்து மூன்று வருஷமான பொம்பளைக்கு ஸ்கேன் எதற்கு? வயிறு வேறு புடைத்திருக்கிறது. முடிந்தது கணக்கு. ஸ்கேன் என்றால் பிள்ளை! கல், கட்டி, நீர் எதுவும் மனுஷ உடம்பில் வராது போல.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என அங்கே சுவரில் எழுதியிருந்தது. இவர்களிடம் கேட்டால் பெயரே வைத்துவிடுவார்கள்.

11.2
கோயம்புத்தூர் டாக்டரைப் பார்த்தேன். டிசம்பரில் பித்தக் கல்லால் கணையம் வீங்கியபோது கசிந்த நீர், இரைப்பைக்குப் பின்னால் பை கட்டி நிற்கிறதாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாமாம். வாய் வழியாக ஒரு குழாய், அதன் நுனியிலேயே ஸ்கேன். அதில் பார்த்து இரைப்பைச் சுவரில் துளை போட்டு ஒரு சின்ன உலோகக் குழாய் வைத்தால், நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும்.

"பையோட சுவர் இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்மா. நடுவுல காய்ச்சல் வந்தா உடனே வந்துருங்க. சீழ் பிடிச்சா உயிருக்கே ஆபத்து. கையெழுத்துப் போட ஆள் கூட்டிட்டு வாங்க."

ஆளுக்கென்ன பஞ்சம். திருப்பூரில் மகன் இருக்கிறானே, சுரேஷ்.

12.2
போன் செய்தேன். "எனக்கு எல்லாம் தெரியும். இசக்கியம்மா அத்தை சொன்னாங்க. டிசம்பர்ல ஆஸ்பத்திரியில கெடந்ததும் இதுக்குத்தானா?" வைத்துவிட்டான். டாக்டர் சொன்னதைச் சொல்ல ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. இவனையா நான் பெத்தேன் – சீ.

19.2
இசக்கியம்மா மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நாக்குக் கேட்குமாம்! எனக்கு இரண்டு வாய் சோறே வாந்தி. அதற்கும் அவளிடம் விளக்கம் இருக்கும்.

24.2
காய்ச்சல். குளிர் தூக்கிப் போடுகிறது. சுரேஷ் போனை எடுக்கவில்லை. செத்தால் இந்தக் கெட்ட பேரோடயா போவேன்? பயமா இருக்கு.

இசக்கியம்மா கதவைத்தான் தட்டினேன். "கையெழுத்துப் போட வாக்கா. என் வயித்துல என்ன இருக்குன்னு நீயே பாத்துட்டு வந்து ஊருக்குச் சொல்லு."

ஆசை யாரை விட்டது? அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கூட்டிப் போவதென்றால் இருப்பதிலேயே பெரிய வாயைத்தானே கூட்டிப் போக வேண்டும்.

26.2
உயிரோடு இருக்கிறேன்.

எடுத்த படத்தை டாக்டர் அவளுக்குக் காட்டினாராம். துளை போட்டதும் சீழும் நீருமாகக் கொட்டியதாம். "அய்யோ கனகு, இத்தனையும் வச்சிக்கிட்டா வேலைக்கு வந்துட்டிருந்த?" என்று ஒரே அழுகை. ரத்தம் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று படித்துக் காட்டியும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வாய்க்கு அது பழக்கமில்லை.

5.3
வயிறு வற்றிவிட்டது. லயம் முழுக்க இசக்கியம்மா சொல்லும் கதைதான். அதில் என்னைக் காப்பாற்றியது அவள். புரளி கிளப்பியது யாரோ.

சுரேஷ் ஓடி வந்தான். "மன்னிச்சிரும்மா. இசக்கியம்மா அத்தை போன் பண்ணாங்க. வெறும் நீர்தானாமே."

அன்றைக்கும் அவள் சொல்லித்தான் நம்பினான். இன்றைக்கும் அவள் சொல்லித்தான். சோறு போட்டேன். தின்றான்.

26.3
உலோகக் குழாயை எடுக்கிற நாள். சுரேஷ் லீவு போட்டு வந்திருந்தான். இசக்கியம்மாவும் தானாகவே பஸ் ஏறிவிட்டாள்.

"கையெழுத்துப் போடறது யாருங்க?" என்றாள் நர்ஸ். சுரேஷ் பேனாவுக்குக் கை நீட்டினான்.

"அவன் வேண்டாம்" என்றேன்.

முறுக்குத் தின்றுகொண்டிருந்த இசக்கியம்மா, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.