மாடியில் காய்ந்த பட்டும் வானத்து ஈரமும்

என் அருமை மங்கா,

நம் பேட்டையில் முதல் விசைத்தறிச் சத்தம் கேட்ட வருஷம், பெரியவள் இரட்டைப் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்த வருஷம். அந்த ஆவணியில்தான் நீ போனாய். திடீர் மழை. காயப் போட்ட பட்டை எடுக்க மாடிக்கு ஓடியவள், இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்தாய். எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல, நம் மருமகள் தேவகி இதை எழுதுகிறாள்.

இப்போது அந்த மாடியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வெள்ளைக் கருவி நிற்கிறது. வேலூரிலிருந்து வரும் செல்வி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வைத்தது. காருக்கு வழி காட்ட உதவும் செயற்கைக்கோள்களின் சிக்னலை அது வாங்குகிறது. காற்றில் ஈரம் கூடினால் சிக்னல் துளியூண்டு தாமதமாக வருமாம். அந்தத் தாமதத்தை வைத்து, தலைக்கு மேல் எவ்வளவு நீராவி நிற்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

"மழை வருமான்னு இது ஒண்ணே சொல்லிடாது தாத்தா. சொல்றவங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். எனக்கு அது போதாதா?

போன வாரம் பதறிக்கொண்டு வந்தாள். "இன்னா தாத்தா, ஊரெல்லாம் வெயில் காயுது, உங்க வீட்டுக் கணக்கு மட்டும் தாறுமாறா வருது?"

மாடி ஏறிப் பார்த்தால், சாயம் தோய்த்த பட்டு நூல் சிட்டங்கள் கருவியின் தலைமேல் சொட்டிக்கொண்டிருக்கின்றன! நீ பட்டு காயப்போடும் பழைய மூங்கிலைக் கருவியின் கம்பத்திலேயே கட்டியிருக்கிறாள் தேவகி. "உசரமா இருந்துச்சு மாமா, காத்தும் நல்லா வந்துகினு இருந்துச்சு."

"ஏங்க்கா, வானத்து ஈரத்தை அளக்க வெச்சா, உங்க பட்டு ஈரத்தை அளந்துகினு இருக்குதே!" செல்விக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பேஜார் ஒரு பக்கம். "இந்த இடம் சரிப்படாதுங்க. கழட்டிக்கிறேன்" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டாள்.

"அன்னைக்கு மழை வரும்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா, என் பொஞ்சாதி ஓடியிருக்க மாட்டாம்மா" என்றேன். நீ விழுந்த கதையை முழுவதும் கேட்டாள். ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நீ இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தச் சிக்னல் கண்ணுக்குத் தெரியுமா, மங்கா?

மூங்கிலை அவிழ்த்துவிட்டேன். இனி பட்டு கீழே தாழ்வாரத்தில்தான் காயும். வானம் கறுத்தால் இந்த வீட்டில் யாரும் அந்தப் படியில் ஓட மாட்டார்கள். இது என் வாக்கு. அன்று உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் மூன்று பேர். உன் அண்ணன் போய்விட்டார். சாயக்கார ஜெயராமனும் போன மாசியில் போய்விட்டான். மிச்சம் இருப்பவன்,

உன் வீட்டுக்காரன் மாணிக்கம்.