அரைப் பேரோடு பார்க்கப் போன மேட்ச்

நமுனுகுல,
வியாழக்கிழமை.

அன்பு மகன் சஜீவனுக்கு அம்மா எழுதிக்கிறது. இங்க நானும் அப்பாவும் தம்பியும் சாமி புண்ணியத்துல ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், மனசுக்குத்தான் நல்லா இல்ல, அது பின்னாடி வருது. நீ அங்க கத்தார் வெயில்ல தலையில துணியப் போட்டுக்கிட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியா இருக்கணும்னு தெனமும் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். போன் இருக்கும்போது அம்மா என்னத்துக்குக் கடுதாசி எழுதுதுன்னு யோசிப்ப. போன ஞாயித்துக்கெழம ரெண்டு தரம் ஒனக்குப் போன் எடுத்தேன், ரெண்டு தரமும் அம்மா மேட்ச் ஓடுது அப்புறம் பேசுறேன்னு வச்சிட்ட. வேற நேரம் பேசலாம்னா வெளிநாட்டுக்குப் பேசுற போன் முழு நாளும் தம்பி கையிலதான் இருக்கு, அவன் இல்லாத நேரம் பேசினா லயத்துல ஒரே சுவருதான, பக்கத்துக் காம்பராக்காரங்க எல்லாருக்கும் கேக்கும். இது தம்பிக்குத் தெரியக்கூடாத விசயம். அதான் பதுளை பஜார்ல ஹாட்வெயார் கடை வச்சிருக்க ஜௌபர் நானா மகன் ஸப்ரான், லீவு முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம அங்க திரும்பி வருதாம், அது கையில குடுத்து விடுறேன். கூட ஒரு பார்சலும் இருக்கு, முறுக்கு, மிளகாத்தூள், தேயிலை. முறுக்க மட்டும் தின்னுட்டுக் கடுதாசிய ஓரமா வச்சிராத, முழுசாப் படி.

இங்க மழை விட்டபாடில்ல. கொழுந்து நல்லாத்தான் வருது, ஆனா அட்டைக் கடி தாங்க முடியல. அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவால்ல, எண்ணெய் போட்டுக்கிட்டு வெறகு பொளக்கப் போறாரு, சொன்னாக் கேக்க மாட்டாரு. கூரையில ஒழுகுன எடத்துல பழைய தகரம் ஒண்ண வச்சு அடிச்சாச்சு, நீ அதுக்குன்னு ஒண்ணும் அனுப்பாத. வீட்டு விசயம் அவ்வளவுதான், இனி என் வயித்தெரிச்சலக் கேளு.

இந்த எட்டு ஊர் டீமச் சேத்து நடத்துறாங்களே ஒரு புட்பால் லீக், அதுல நம்ம தம்பி பதுளை டீமுக்குக் கோல்கீப்பர்னு ஒனக்குத் தெரியும். தெரியும்னு சொல்றேன், தெரியுமோ என்னமோ. ரெண்டு வருசமா நடக்குது, ஒரு சனம் எட்டிப் பாக்கல. தம்பியும் ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சு வந்து இன்னைக்கும் யாரும் வரலம்மான்னு சொல்லுவான். சரி, போன சனிக்கெழம மூணரைக்கு மேட்ச் பதுளையிலேயே இருக்குன்னு சொன்னான், நாம போயி ஒரு கூட்டத்தக் காட்டுவோம்னு நானே எறங்கிட்டேன். அழகையா கங்காணிகிட்டக் கெஞ்சி, காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுல எல்லாரும் நிக்கும்போது சொல்ல வச்சேன், நம்ம தோட்டத்துப் பையன் வெளையாடுறான், போறவங்க அரை நாள் வேலைக்கு அரைப் பேரு எழுதிக்கிட்டு மதியத்தோட போகலாம்னு. வீடு வீடாப் போயும் சொன்னேன். புட்பால் சட்டம் ஒண்ணும் தெரியாத பொம்பளைங்கடா அவங்க எல்லாம். பந்த யாரு கையால புடிக்கலாம்னு கேட்டவங்க. அரை நாள் சம்பளத்த விட்டுட்டு, கூடையக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல போட்டுட்டு, குளிச்சு, நல்ல சீலையக் கட்டிக்கிட்டு, ஏதோ திருவிழாவுக்குப் போற மாதிரி ஒரு பஸ்ஸு நெறைய வந்தாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா.

பதுளையில எறங்கி நடந்து போறோம், கிரவுண்டு கேட்டு பூட்டிக் கெடக்கு. கேட்டுக்கு வெளிய தம்பி நிக்கிறான், தோள்ல பையோட, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு. மேட்ச் காலையில பத்து மணிக்கே முடிஞ்சிருச்சும்மாங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. பொழுது சாய அந்த கிரவுண்டுல பாட்டுக் கச்சேரியாம், மேடை கட்டணும்னு வெளையாட்டக் காலைக்கு மாத்திட்டாங்களாம். முந்தின ராவே டீமோட பதுளையில தங்கிட்ட தம்பிக்கே விடியக்காலந்தான் தெரியுமாம். அவன் அப்பா போனுக்கு அடிச்சிக்கிட்டே இருந்திருக்கான், நாங்க எல்லாரும் மலையில, அங்க ஏது சிக்னல், அதுல சார்ஜும் இல்ல. வந்த பொம்பளைங்க எல்லாம் கம்பிக்குள்ளால எட்டிப் பாக்குறாங்க, கோல் போஸ்ட்டுக்கு முன்னாடி குழி தோண்டி மூங்கில் நட்டுக்கிட்டு இருக்கானுக. வடிவு, ஒன் மகன் எங்க வெளையாடுறான், அந்தக் குழிக்குள்ளயான்னு ஒருத்தி கேட்டா பாரு, எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

நான் விடுவேனா. பக்கத்து ஆபீஸ்ல லீக் தலைவர் ஒக்காந்து கேக்கு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, நேராப் போயி முன்னுக்கு நின்னேன். ஏன் சொல்லலன்னு கேட்டா, பேஸ்புக்ல போட்டமேங்கிறாரு. என்ன மொழியில போட்டீங்கன்னு கேட்டேன். சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் போட்டாங்களாம், தமிழ் அடிக்கிற ஆள் லீவாம். எப்பப் போட்டீங்கன்னா முந்தின நாள் பொழுது பட்டதுக்கப்பறமாம். அதுக்கு மேல அவரு ஒண்ணு சொன்னாரு பாரு, அதத்தான் என்னால இன்னும் முழுங்க முடியல. அம்மா, நம்ம சனங்களுக்கு உள்ளூர் வெளையாட்டுல பற்று இல்ல, அவங்களுக்குக் கிரிக்கெட்டும் வெளிநாட்டு டீமும் இருந்தாப் போதும், நாங்க என்ன செஞ்சாலும் வர மாட்டாங்கங்கிறாரு. வெளிய ஒரு பஸ்ஸு சனம் கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்குது, உள்ள ஒக்காந்துக்கிட்டு சனம் வராதுங்கிறாரு! அடப்பாவி மனுசா, அந்த ஜன்னலத் தொறந்து பாருய்யான்னு கத்திட்டேன். அடுத்த மேட்ச்சுக்கு இலவச டிக்கட்டு தாறேன்னு ஒரு கட்ட எடுத்து நீட்டுறாரு. டிக்கட்டு யாருக்கய்யா வேணும், நேரத்தச் சொல்லு, சொன்ன நேரத்துக்கு வெளையாட்ட வையின்னுட்டு வந்துட்டேன். தம்பி என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தான், அம்மா டீம்லருந்து எடுத்துருவாங்கம்மான்னு.

சனத்துக்குப் பற்று இல்லையாம். தீவாளிக்கு மறுநா நம்ம தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் ஆட்டுக்கெடா பரிசு வச்சு மேட்ச் நடத்துறப்ப இந்த மலையே தெரண்டு வந்து நிக்கலயா, நீதான் வெளையாடியிருக்கியே. மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கலயா. ஏன் நின்னாங்க? மைக்குல ஒருத்தன் நின்னு, இதோ வர்றான் பாரு நம்ம லிங்கம் மகன், கல்யாணம் முடிச்சதுல இருந்து ஓட முடியாமத் தவிக்கிறான்னு ஒவ்வொருத்தனயும் வம்புக்கு இழுப்பான், எவன் யாரு மகன், எவனுக்கும் எவனுக்கும் பழைய பகைன்னு கொழந்தைக்கும் தெரியும். இந்த லீக்குல என்ன இருக்கு? மைக்கு இல்ல. சட்டையில நம்பர் இருக்கு, பேரு இல்ல. நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் வெளையாடுறான்னு பதுளை டவுன்ல ஒரு கடைக்காரனுக்குத் தெரியாது. பொம்பளைங்க போனா ஒதுங்க ஒரு எடம் கெடையாது, இருக்கிற ஒரு கக்கூசுக்கும் பூட்டு. கூரைக்குக் கீழ வெள்ளத் துணி போத்துன கதிரை எல்லாம் தலைவருக்கும் அவரு கூட்டாளிங்களுக்கும், மத்தவன் வெயில்ல காயணும். மேட்ச் முடியிற நேரத்துக்கு நமுனுகுல கடைசி பஸ்ஸும் போயிரும். சும்மா ஒரு நாள் பாத்துட்டு வருவோம்னு கெளம்புற மனுசன எல்லாப் பக்கமும் கதவச் சாத்தி வெரட்டி விட்டுட்டு, அவனுக்குப் பற்று இல்லன்னா எங்க போயிச் சொல்றது.

இப்ப மலைக்குப் போனா எனக்குத் தெனமும் பூசைதான். தேத்தண்ணி குடிக்கிற நேரம் ஒருத்தி கேக்குறா, வடிவு அடுத்த மேட்ச் எப்ப, நேத்தான்னு. எல்லாரும் சிரிக்கிறாளுக. சிரிக்கட்டும், அரைப் பேரு போனது அவளுகளுக்கு. ஆனா இனி நான் கால்ல விழுந்தாலும் ஒருத்தி வர மாட்டா, அழகையா கங்காணியும் பெரட்டுல இனிமே இதெல்லாம் சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஒரே ஒரு தரம் கெடைச்ச சனத்த அந்த ஆளு ஒரு கேக்குத் துண்டுக்கு நடுவுல தொலைச்சிட்டாரு.

சரி, இப்ப ஒன் கணக்குக்கு வாறேன். அன்னைக்கி வீட்டுக்கு வந்த ஒடனே தம்பி பூட்ஸ ஒரு உரப்பையில போட்டுக் கட்டிப் பரண்ல ஏத்துனான். திங்கக்கெழம பண்டாரவளை ஏஜன்ட்கிட்டப் பாஸ்போட்டக் குடுத்துட்டு அண்ணன் மாதிரி வெளிய போறேன், அம்மா நீ அசிங்கப்பட்டது போதும்னான். அப்பா தடுக்கல. நான் அடுப்ப ஊதிக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, என் மூஞ்சியப் பாக்காம அடுப்பப் பாத்துக்கிட்டுக் கேட்டான், லைவ் லிங்க அனுப்பியிருந்தேனே, அண்ணன் பாத்துச்சாம்மான்னு. மகனே, நீ பாத்திருக்க மாட்டன்னு தெரிஞ்சும் நான் பாத்துச்சுன்னு சொல்லிட்டேன். ஒனக்காகச் சொல்லல, அவன் மூஞ்சிக்காகச் சொன்னேன். அப்பா போன சார்ஜ் போட்டதும் அதுல எடுத்துச்சு, கத்துச்சு, சந்தோசத்துல அழுதுச்சுன்னு என்னென்னமோ அளந்துட்டேன். அப்ப அந்தப் பெனால்ட்டியப் பாத்திருக்கும்லன்னு எந்திரிச்சவன், அந்தச் சின்னக் காம்பராவுல எனக்குப் பாஞ்சு காட்டுறான், தண்ணிக் கொடம் உருண்டு போச்சு. திங்கக்கெழம ஏஜன்ட்கிட்டப் போகல. பூட்ஸ எறக்கிக் கழுவி வெயில்ல வச்சிருக்கான்.

அதனால நல்லாக் கேட்டுக்க. ரெண்டாவது பாதியில, வெலிமடை டீம்காரன் எடது கால்ல அடிச்சது. தம்பி வலது பக்கம் பாஞ்சான், பந்து மணிக்கட்டுல பட்டுப் போஸ்ட்டுல அடிச்சு வெளிய போச்சு, முழங்கை ஒரசிக் காயம், மஞ்சள் பத்துப் போட்டு விட்டேன். அவன்கிட்டப் பேசுறப்ப எடது பக்கம்னு ஒளறிறாத. அதவிட, அந்த வீடியோ இன்னும் இருக்காம், தேடிப் பாத்துட்டுப் பேசு, அப்பத்தான் என் பொய்யி பொய்யில்லாமப் போகும். கெமரா ஆடுது, தரம் இல்லன்னு முந்தி ஒரு நா சொன்னியே, அது ஆடத்தான் செய்யும், அதப் புடிச்சிருந்தது கிரவுண்டுல புல்லு வெட்டுற பையன். நீ செவப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு தூக்கத்த விட்டுட்டுப் பாக்குறியே அந்த இங்கிலீஷ் டீமு, அதுல ஒருத்தனுக்காவது நீ யாருன்னு தெரியுமாடா? ஒனக்காக எவனாவது ஒரு பூட்ஸப் பரண்லருந்து எறக்குவானா? தலைவர் சொன்னாரே, வெளிநாட்டு டீமு இருந்தாப் போதும்னு, அத நான் கத்தித் திட்டினேன், ஆனா பஸ்ஸுல வர்றப்ப எனக்கு மொதல்ல ஒன் ஞாபகந்தான் வந்துச்சு. லயத்துக்குப் பின்னால ரெண்டு கம்ப நட்டு, அவன அதுக்கு நடுவுல நிக்க வச்சு, பந்து வந்தாக் கண்ண மூடாதடான்னு சொல்லிக் குடுத்தவன் நீ.

அந்த லைவ்ல எத்தனை பேரு பாக்குறாங்கன்னு காட்டுமாமே. அன்னைக்கிப் பதினோரு பேரு பாத்தாங்களாம். அதுல ஒருத்தரு எங்க அண்ணன்னு தம்பி டீம் பையன்கள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியுறான்.

அடுத்த மேட்ச் வர்ற சனி இல்ல, அதுக்கு அடுத்த சனி, மூணரைக்கு, ஒனக்கு அது பகல் ஒரு மணி. ராவு டூட்டி முடிச்சிட்டுத் தூங்குற நேரம், தெரியும், ஒரு நா முழிச்சிரு. நேரத்த மறுபடி மாத்துனானுகன்னா மிஸ்கோல் குடுப்பேன், எடு. இந்த ஒரு தரந்தான் பொய் சொன்னேன், அடுத்த தரம் அண்ணன் பாத்துச்சான்னு அவன் கேட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்.

கோவத்துல என்னமோ எழுதிட்டேன், மனசுல வச்சிக்காத, வச்சிக்கிட்டாலும் பரவால்ல. எந்த நோய் நொடியும் ஒன்ன அண்டாம, நெனைச்சதெல்லாம் நடந்து, எம்புள்ள நல்லா இருக்கணும். அப்பாவும் ஆசீர்வாதம் சொன்னாரு. முறுக்க ரூம்ல இருக்க பையன்களுக்கும் குடு, அவங்களையும் அன்னைக்கிப் பக்கத்துல ஒக்கார வச்சுப் பாக்கச் சொல்லு.

இப்படிக்கு,
ஒன்னையும் அவனையும் பெத்த அம்மா,
வடிவம்மா.