வெறும் கற்பனை

வெள்ளிக்கிழமை, தம்மாம்

இன்று டியூட்டி முடிந்து கிளம்பும்போது நர்சிங் சூப்பர்வைசர் கூப்பிட்டு, நான் வேறு ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனது உண்மையா என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பது அவர் கையில்தான் இருக்கிறது. இன்டர்வியூ விஷயத்தை ரூமில் கூட இருக்கும் ஸ்டெல்லாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ரூமுக்கு வந்ததும் அவளிடம் கேட்டுவிட்டேன். "நீ சூப்பர்வைசர்கிட்ட ஏதாவது சொன்னியாட்டி?"

ஸ்டெல்லா சப்பாத்தி சுட்டுக்கொண்டே சிரித்தாள். "ஏட்டி, என்னத்த வச்சு நீ இப்படிக் கேக்க? சும்மா யூகிக்காத."

"ஒனக்கு மட்டும்தானே தெரியும்."

"அதனால நான்தான்னு ஆயிருமா? யூகிக்கதுக்கும் ஒரு துப்பு வேணும்லா. இது வெறும் கற்பனை. தொடர்ந்து நைட் டியூட்டி பாத்து ஒனக்குப் பிரமை பிடிச்சிருக்கு."

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லைதான். அந்த ஆஸ்பத்திரி வாசலில் வேறு யாராவது என்னைப் பார்த்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன். சேர்ந்து சாப்பிட்டோம்.

இப்போது அவள் தூங்குகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் பேசியதையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்த்தேன். என் சந்தேகத்துக்கு அத்தனை பெயர் வைத்தாள். "நான் சொல்லல" என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.