ஒரே பாவாடை

12 ஜூலை 1945, வியாழன்.

துணிக்கு ரேஷன். இந்த லட்சணத்தில் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை என்று பிள்ளைகளை வதைப்பானேன்? யுத்தம் முடியும்வரை வீட்டில் இருப்பதை உடுத்தி வரட்டும் என்று தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதி, முதலில் என் வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமைதான்.

மணி அடித்த பிறகு ஃபாத்திமா மட்டும் நின்றாள். மந்தைவெளித் தையல்காரரின் மகள். ஈரப் பாவாடையோடு வந்து பெஞ்சை நனைத்ததற்காகக் காலையில்தான் அவளைத் திட்டியிருந்தேன்.

“அந்தக் கடுதாசியக் குடுக்காதீங்க டீச்சர்.”

“ஏன்டி? உங்களுக்காகத்தானே எழுதினேன்?”

“என்கிட்ட இது ஒண்ணுதான் கீது டீச்சர். ராத்திரி தோச்சுப் போட்டா சில நாளு காயாது, அப்படியே போட்டுக்கினு வந்துடுவேன். யூனிபார்முன்னா தெனம் இதையே போட்டாலும் யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க. கலர் பாவாடைன்னா ரெண்டாம் நாளே கேட்டுடுவாங்க.”

அழவில்லை, கெஞ்சவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோல் சொன்னாள். பதின்மூன்று வயது! டிரெயினிங் காலேஜில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கடிதத்தை அவள் எதிரிலேயே கிழித்தேன். வகுப்புக்கு என்ன காரணம் சொல்வேனோ, அவள் பெயரைச் சொல்ல மாட்டேன்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். வெள்ளிக்கெழமன்னா ஊதாப் பொடவைன்னு உங்களையும்தான் பேசிக்கிறாங்க.”

இப்போதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாளை வெள்ளி. ஊதாதான்.