சீல் வைத்தால்

செப். 18, வியாழன்

காலையிலேயே வெயில். கிழக்கே ஒரே ஒரு மேகம், அதுவும் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நெடுநாள் ஆலோசனைக்குப் பின், இடது கால் பெருவிரல் நகத்தை நானே வெட்டிக்கொள்வது எனத் தீர்மானம். நேரம் 6.40. ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்: நான்.

பின்னணி: முட்டி தேய்ந்த நாலு வருஷமும் என் கால் எனக்கு எட்டாத பிரதேசம். நகம் வெட்டுவது செண்பகத்தின் இலாகா. கல்யாணத்தில் மெட்டி போட ஒரு நாள் நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் நாலு வருஷம் என் காலைப் பிடித்தாள். பிப்ரவரியில் திருநெல்வேலியில் அந்த முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைத்தார்கள். ஏழு மாதம் ஆகிறது. இன்று மடக்கினேன், குனிந்தேன், எட்டியது.

கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டேன். ரத்தம் இரண்டு சொட்டு. செ.யிடம் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: காபித்தூள், டார்ச் செல், சிவப்பு ரீஃபில்.

செப். 20, சனி

விரல் சிவப்பு, தடிப்பு. செ. பார்த்துவிட்டாள்.

"நகத்த வெட்டுதேன்னு வெரலயில்லா வெட்டி வச்சிருக்கீய. கேட்டா நான் வெட்டிவிட மாட்டேனா?"

கேட்காமல் இருப்பதற்குத்தானே முட்டியே மாற்றினேன்.

நகச்சுத்து என்று தீர்ப்பு. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகினாள். பழம் அணிந்த காலை ஸ்டூலில் நீட்டி வாசலில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பண்பாடு இன்னும் சாகவில்லை.

செப். 23

பழம் இரண்டு மாற்றியாயிற்று. ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளை செ. தேடி எடுத்து வந்தாள்.

தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் பிரஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். அந்தத் தாளில் பதினோரு பிழை. பிப்ரவரியில் படுக்கையிலேயே திருத்திவிட்டேன். ஏழாவது அறிவுரை: 'உடம்பில் எங்காவது சீல் வைத்தால், தாமாக மருந்து சாப்பிடாமல் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.' 'சீல்' மேல் சிவப்பு வட்டம், ஓரத்தில் 'ழ்'. அதன் கீழ் என் குறிப்பு: 'சீல் வைப்பது தாசில்தார்.' அன்று இதைப் படித்துக் காட்டி வார்டையே சிரிக்கவைத்தேன்.

இன்று மறுபடி படித்ததில் பன்னிரண்டாவது பிழை அகப்பட்டது. ஒற்று மிகவில்லை.

செ.: "ஒரு போனப் போட்டுச் சொல்லிருவமா?"

விரலுக்கும் முட்டிக்கும் இடையே ஒன்றரை அடி இருக்கிறது என்று விளக்கினேன்.

செப். 24

மருந்துக் கடை. கடைக்காரர் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "அஞ்சு நாளைக்குத் தாரேன். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சட்டுனு கேட்டுட்டுன்னா மிச்சத்த வீட்ல வையுங்க, அண்ணாச்சி. எதுக்காச்சும் ஒதவும்."

டார்ச் செல் வாங்க மறந்தாயிற்று.

செப். 27

விரல் வற்றிவிட்டது. ஆறு மாத்திரையோடு நிறுத்தம். மிச்சம் நாலு டி.வி. மேல். விஞ்ஞானத்துக்கும் எலுமிச்சைக்கும் சம பங்கு.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. தெருவில் ஆட்டோக்களுக்கு மாலை. காலை பத்து மணிக்குக் குளிர்கிறது. போர்வை கேட்டேன். கோவில்பட்டியில் பகலில் போர்வை கேட்பவனைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. செ. நெற்றியைத் தொட்டாள், பிறகு முட்டியை.

"இங்கன கைய வையுங்க. இப்ப அந்த முட்டியில வையுங்க. ரெண்டும் ஒண்ணாவா இருக்கு?"

ஒன்றாக இல்லை. இடது முட்டி இப்போதுதான் இறக்கிய தோசைக்கல் மாதிரி. நேற்று நடந்தது அதிகம் என்றேன். நேற்று நான் நடக்கவேயில்லை.

அக். 2

செ.யின் தம்பி சுடலைமுத்து வந்தார். சொந்த ஊர் எப்போதும்வென்றான். விவாதத்தில் அவரை யாரும் வென்றதில்லை. முட்டியைத் தொட்டுப் பார்த்து ஒரு நிமிஷத்தில் முடிவு சொன்னார்.

"அத்தான், உள்ள கெடக்கது இரும்புல்லா. வெயிலக் குடிக்கத்தான செய்யும். மத்தியானம் நம்ம டிராக்டர் பானட்டுல கை வைக்க முடியுதா?"

நான் வெயிலில் நிற்கவில்லையே என்றேன்.

"ஊரே வெயில்லதான் நிக்கி. புரட்டாசியில பொன்னே உருகும்னு சொல்லுதாங்க. இரும்பு சுடாதா?"

அபத்தம் என்று தெரியும். ஆனால் திருநெல்வேலிக்குப் போகத் தேவையில்லாத அபத்தம். மறுக்கவில்லை. டி.வி. மேல் இருந்த நாலு மாத்திரையும் புழக்கத்துக்கு வந்தன. செ. எங்கள் இருவரையும் பார்த்த பார்வையைக் குறித்துவைக்க விருப்பமில்லை.

அக். 6, திங்கள்

நேற்று வாசல்படி ஏற முடியவில்லை. சுவரைப் பிடித்தேன், பிறகு செ.யை. காலையில் சுடலைமுத்துவின் காரில் திருநெல்வேலி. வழியெல்லாம் உழுத கரிசல், மழைக்கு வாய் திறந்து கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் 'அமைதி காக்கவூம்'. பதிமூன்றாவது பிழை.

டாக்டர் ஊசி போட்டு முட்டியிலிருந்து நீர் எடுத்தார். கஞ்சித் தண்ணி நிறம். கிருமி வளர்கிறதா என்று பார்க்கவேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்றார். அப்புறம் கேட்டார்: "ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீங்களா சார்?"

"இல்லை" என்றேன்.

மருந்துக் கடைக்காரரை டாக்டராக்கும் மூடர்களைப் பற்றிப் போன வருஷம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவன் நான். பிழையில்லாமல் பிரசுரமானது. அதற்குப் பிறகு வேறு பதில் சொல்ல வாக்கியம் கிடைக்கவில்லை. செ. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக். 10

போன். எதுவும் வளரவில்லையாம். ஆனால் மற்றப் பரிசோதனை நன்றாக இல்லை, திங்கட்கிழமை கட்டாயம் வரவேண்டும்.

செ.யிடம் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.

"நல்ல சேதின்னா மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

இட்லி இரண்டு. வலி: உட்கார்ந்தால், படுத்தால், நினைத்தால்.

அக். 13, திங்கள்

டாக்டர் தாள்களைப் புரட்டினார். நீரைப் பார்த்தால் சீழ், ஆனால் கிருமி வளரவில்லை, ஏன் என்று புரியவில்லை என்றார். செ. கைப்பையைத் திறந்து, காலியான மாத்திரை அட்டையை மேசையில் வைத்தாள்.

"இவிய தின்னது. ரெண்டு தடவையா."

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். அரைகுறை மருந்தில் கிருமி சாகாது, பரிசோதனைக்கு அகப்படாமல் ஒளிந்துகொள்ளும். விரலில் இருந்தது ரத்தத்தில் ஏறி உலோகத்தில் போய் ஒட்டியிருக்கும் என்றார்.

"காய்ச்சல் வந்த அன்னிக்கே வந்திருந்தா, திறந்து கழுவி முட்டியக் காப்பாத்தப் பாத்திருக்கலாம் சார். இப்ப எடுத்துத்தான் ஆகணும்."

திரும்ப எப்போது வைப்பீர்கள் என்றேன். முதலில் கிருமி போகட்டும், மாதக்கணக்கு ஆகும். சிலருக்கு வைக்க முடியாமலும் போகும் என்றார்.

ஒன்றாம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

துணிமணி எடுக்க வீடு திரும்பும்போது கயத்தாறு தாண்டியதும் செ. ஜன்னலைப் பார்த்தபடி: "அந்தத் தாள்ல செவப்பு மையில நீங்க எழுதினது அம்புட்டும் எனக்கு மனப்பாடம். அச்சுல இருந்தத யாரு படிச்சா?"

சுடலைமுத்து ரேடியோவை அணைத்தார்.

அக். 15

அட்மிட். கொண்டுவந்தவை: லுங்கி 4, துண்டு 3, பிளாஸ்க், கண்ணாடி, இந்த நோட்டு. சிவப்புப் பேனா கொண்டுவரவில்லை. கையெழுத்துக் கேட்ட தாள் மூன்று பக்கம். முழுவதும் படித்தேன். பிழைகளை எண்ணவில்லை. 'காலை இழக்கும் வாய்ப்பு' என்று ஓர் இடத்தில் இருந்தது. வாய்ப்பு என்பது அங்கே வரவேண்டிய சொல்தானா என்று கேட்கவும் இல்லை.

அக். 20

தீபாவளி. தூரத்தில் வெடி. முட்டி இருந்த இடத்தில் இப்போது மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி. கால் நீட்டியபடி பட்டைக்குள். மடக்கக் கூடாது. ஆறு வாரம் ஊசி. நேற்றும் காய்ச்சல்.

செ. மூன்று நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். இன்று அதிரசம் பிட்டுக் கொடுத்தாள். சர்க்கரை இல்லாதவன்தான், ஆனாலும் அரைதான் கொடுத்தாள்.

அக். 24

மழை. சுடலைமுத்து போன் செய்தார்: மக்காச்சோளம் விதைத்தாயிற்றாம், "இரும்பு பத்தி நான் சொன்னத மனசுல வைக்காதீய அத்தான்." வைக்கவில்லை என்றேன்.

காய்ச்சல் 99.2.

6.40க்கு செ. நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, இடது கால் பெருவிரல் நகத்தை வெட்டினாள்.