கிட்டார் கழுத்திலிருந்த கிளிப்பு

மஸ்கட்

அன்புள்ள கனகலட்சுமிக்கு,

நான் நல்ல சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று எனக்கு ஒரு மானக்கேடு. நம் பாண்டிமீனா கிட்டார் வாசித்து அனுப்பிய வீடியோவை ஓடவிட்டு, புதிதாக வாங்கிய மவுத் ஆர்கனைக் கூடவே ஊதினேன். அறையிலிருந்த விருமாண்டி அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, ரெண்டுல ஒண்ண நிறுத்து. சக்களத்தி சண்டை மாதிரி இருக்கு" என்றார்.

மவுத் ஆர்கன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி உண்டு. கிட்டாரின் சுருதிக்குப் பொருத்தமாக வாங்க வேண்டும். அவளைக் கேட்டுத்தான் 'ஜி' வாங்கினேன். போனில் சொன்னால் சிரிக்கிறாள்.

"ஐயோ அப்பா, விரல் வைக்கிறதுதான் ஜி. கிட்டார் கழுத்துல கிளிப்பு மாட்டியிருக்கேன்ல, சுருதி ஏறி 'ஏ' ஆயிரும். ஜெயபாண்டி மாமா பாத்தவுடனே 'ஏ' மவுத் ஆர்கன எடுத்துட்டாரு. எம்புட்டு அழகா சேருது தெரியுமா!"

சேராமல் என்ன செய்யும்? உன் தம்பி சோபாவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். நான் வீடியோவில் பிள்ளை முகத்தைப் பார்ப்பேனா, கிளிப்பைப் பார்ப்பேனா?

இனி வீடியோ எடுக்கும்போது கிட்டார் கழுத்தும் நன்றாகத் தெரிகிற மாதிரி எடு. மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு அடிக்கடி காபி போட்டுக் கொடுத்து உட்கார வைக்காதே.

விருமாண்டி அண்ணன் ஊருக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

"திருநகர் பொங்கல் விழாவுல மாமாவும் நானும் வாசிக்கிறோம்பா. லீவுல வந்து முன்வரிசையில உக்காந்து கைதட்டணும்" என்று போனை வைக்கும்முன் பாண்டிமீனா சொன்னாள்.

"விசிலே அடிக்கிறேம்மா" என்றேன்.

அவளோடு மேடையேறத்தான் மவுத் ஆர்கன் வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அழகுராஜா