முடிச்சில்லாமல் ஒட்டும் சுழல்

ஐப்பசி, ஞாயிறு இரவு

தங்கை மகள் காவ்யா ஆராய்ச்சியில்தான் நிற்பாள் என்று நான் என்றைக்கோ சொன்னேன். இன்று என் வாயால்தான் அது நிலைத்தது.

படிப்பை விட்டுவிட்டுத் தன் பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தங்கை கணவரான மாப்பிள்ளை மகளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "குளிர வெச்ச ஹீலியத்துல சுழல் பாக்கறதெல்லாம் ஒரு பொழப்புங்களா மச்சா?" என்று என்னையும் கேட்டார்.

காவ்யா பொறுமையாகச் சொன்னாள். கடுங்குளிரில் ஹீலியம் உராய்வே இல்லாமல் ஓடுமாம். கலக்கினால் நூல்போல மெல்லிய சுழல்கள் பிறக்குமாம். எல்லாம் ஒரே பலம், அரைச் சுழல் என்பதே கிடையாது. இரண்டு மோதினால் அறுந்து, நுனி மாறி ஒட்டிக்கொள்ளுமாம். மாப்பிள்ளை கொட்டாவி விட்டார்.

நான் விடுவேனா? திருப்பூரில் பாதி நிட்டிங் மிஷின் என் கைபட்டு ஓடியது. இரண்டு நூலைக் குறுக்காகப் பிடித்து அறுத்தேன். நுனிகளை மாற்றி முடிச்சுப் போட்டேன்.

"இப்படித்தானே கண்ணு?"

"அப்படியேதாங்க மாமா! ஆனா அங்க முடிச்சே விழாதுங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்துவிட்டார். முடிச்சு வந்த இடத்தில் துணி ஓட்டையாகி, பீஸ் திரும்பி வருவது அவருக்குத்தானே தெரியும். "முடிச்சில்லாமயா ஒட்டுது?"

அந்த நேரத்தில் போட்டேன் ஒரு போடு. "இவ இல்லீன்னா லேப்பே நின்னுருமுன்னு புரபசரே எனக்குப் போன் பண்ணுனாருங்க மாப்ள."

"அப்ப போயி முழுசாப் படிச்சுட்டு வா சாமி" என்றார் மகளிடம். தங்கை எனக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினாள். காவ்யா மட்டும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

புரபசர் எனக்குப் போன் செய்யவில்லை. அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.